பச்சைப் பலகையும் பூட்டிய கதவும்

நுரைச்சோலையின் புகைபோக்கியை நிமிர்ந்து பார்க்கக் கூசுகின்ற அதிகாரம், பூட்டிய விடுதிக்குள் அடைபட்டிருக்கும் மனநோயாளரின் விரலிடுக்கில் ஒரு பீடியைக் கண்டுவிட்டால் விதி பேசத் தொடங்கிவிடுகிறது. வலியவரிடம் வளைந்தும் மெலியவரிடம் நிமிர்ந்தும் நிற்கும் கோல் எந்தக் காலத்திலும் செங்கோல் எனப் பெயர் பெற்றதில்லை. புத்தளக் கரையில் வாழும் நாம் இதை ஏட்டிற் படித்து அறிந்தவர்களல்லர்; நாள்தோறும் மூச்சிழுத்து அறிந்தவர்கள்.

இன்று நாம் எடுத்துக்கொண்ட பொருள் வாசகர் சிலருக்கு விந்தையாகத் தோன்றக்கூடும். நோயாளர் தம் விருப்பப்படி வெளியேற இயலாதவாறு பூட்டிக் காக்கப்படும் மனநல விடுதிகளில், புகைத்தலைத் தடுக்கும் விதியை எழுத வேண்டியவர் யார்? பாராளுமன்றமா? மருத்துவரா? அன்றிக் கட்டடங்களுக்குப் ‘பசுமை’ப் பட்டம் வழங்கும் சான்றிதழ்ச் சபையா? இதில் அரசியல் எங்கே இருக்கிறது என்று கேட்போர் ஒன்றை எண்ணிப் பார்க்கட்டும். அடைபட்டவருக்கு விதி செய்யும் அதிகாரம் எங்கிருந்து பிறக்கிறது என்பதைவிடப் பழமையான அரசியற் கேள்வி உலகில் வேறு உண்டோ?

புத்தளக் கரைக்கும் இதற்கும் என்ன உறவு என்பதை முதலிற் சொல்லிவிடுகிறோம். புத்தளமாயினும் கற்பிட்டியாயினும் முந்தலாயினும் உடப்பாயினும், குற்றஞ்சாட்டப்பட்டு, சித்தசுவாதீனமின்மை காரணமாக நீதிமன்றக் கட்டளையோடு அனுப்பப்படுபவர் போய்ச் சேருமிடம் அங்கொடை. தேசிய மனநல நிறுவகம் என்று இன்று பெயர் தாங்கி நிற்கும் அம்மருத்துவமனையிலேதான் தடயவியல் மனநலப் பிரிவு இருக்கின்றது. புத்தளத்திலிருந்து கொழும்புக்கே ஏறக்குறைய 130 கிலோமீற்றர். அங்கொடை அதற்கும் அப்பால். விடியலில் பேருந்தேறும் தாய் மகனின் முகத்தைக் காண்பதற்குள் வெயில் உச்சிக்கு வந்துவிடும். உள்ளே அவனுக்கு என்ன விதி, எந்த மொழியில் அதைச் சொன்னார்கள், மறுத்தால் என்ன செய்தார்கள் என்பதைக் கேட்டறிய அந்தத் தாயால் முடியுமா?

இக்கரையின் மனப்புண்களும் சிறியவையல்ல. 1990 ஒக்ரோபரில் விடுதலைப் புலிகளால் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட ஏறக்குறைய 75,000 முஸ்லிம் மக்களிற் பெரும் பகுதியினர் புத்தளத்திலும் கற்பிட்டியிலுமே ஓலைக் கொட்டில் அமைத்துக் குடியேறினர். அவ்வாறு நெடுங்காலம் இடம்பெயர்ந்து வாழ்ந்தோரிடையே நடத்தப்பட்டு 2013இல் வெளியான ஆய்வொன்று, நூற்றுக்கு 18.8 பேர் பொதுவான மனநலக் குறைபாடுகளுள் ஏதோ ஒன்றினால் வருந்துவதாகக் கண்டது. இவர்களெல்லாரும் பூட்டிய விடுதிக்குச் செல்பவர்களல்லர். மிகச் சிலரே அந்த நிலையை அடைவர். ஆயினும் மனநோய் என்பது யாரோ எவரோ என்று ஒதுக்கிவிடத்தக்க பேச்சு அன்று என்பதற்கு இந்த எண் போதும்.

இனி வழக்குக்கு வருவோம். புகையிலைக்கு வக்காலத்து வாங்க நாம் எழுந்து நிற்கவில்லை. கடும் மனநோய் உடையோர் பிறரைக் காட்டிலும் 10 முதல் 20 ஆண்டுகள் முன்னரே இறக்கின்றனர் என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகின்றது. அச்சாவுக்குரிய காரணங்களில் புகைத்தலுக்குப் பெரும் பங்குண்டு. புகைத்தலை விட்டால் மனநோயாளரின் மனம் குலைந்துவிடும் என்ற பழைய கதையும் பொய்த்துவிட்டது. விட்டவர்களின் பதற்றமும் மனச்சோர்வும் குறைகின்றன என்று 26 ஆய்வுகளைத் தொகுத்து 2014இல் பிரித்தானிய மருத்துவ இதழில் வெளியான கட்டுரை நிறுவிற்று. இலண்டனின் தென்பகுதி மனநல மருத்துவமனைகளில், ஆயத்தங்கள் செய்து புகைத்தல் தடை கொண்டுவரப்பட்ட பின், உடல்வழித் தாக்குதல்கள் நூற்றுக்கு 39 குறைந்தன என்பது 2017இல் வெளியான கணக்கு. அதே விடுதியில் எட்டு மணி நேரம் நின்று பணிபுரியும் தாதியின் நுரையீரலும் நுரையீரலே. பஞ்சு மெத்தையருகே பற்றவைக்கும் நெருப்பு எல்லார்க்கும் பொதுவான ஆபத்தே. இவற்றையெல்லாம் ஒப்புக்கொண்டே பேசுகிறோம்.

ஒரு பழங்கணக்கையும் இங்கே குறித்துவைக்க வேண்டும். உலகெங்கும் பழைய மனநோய்ப் புகலிடங்களில் சிகரெட்டைக் கையிற் கொடுத்து நோயாளரை வழிக்குக் கொண்டுவந்தவர்கள் யார்? நிலம் கூட்டியதற்குக் கூலியாகவும், மருந்து விழுங்கியதற்குப் பரிசாகவும், கூச்சலிடாதிருந்ததற்கு வெகுமதியாகவும் அதை வழங்கியது நிருவாகமே. ஒரு தலைமுறைக்குக் கற்றுக்கொடுத்த பழக்கத்தை ஓர் இரவில் குற்றமாக்குவோர், அந்த இரவுக்கும் விடியலுக்கும் இடையே நோயாளர் படும் பாட்டுக்குப் பொறுப்பேற்க வேண்டாமா?

நம் நாட்டுச் சட்டம் என்ன சொல்கிறது? உலக சுகாதார நிறுவனத்தின் புகையிலைக் கட்டுப்பாட்டுச் சாசனத்தை இலங்கை 2003இலேயே ஏற்றது. 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டம் புகையிலை, மதுசாரம் பற்றிய தேசிய அதிகார சபையை நிறுவி, மூடப்பட்ட பொது இடங்களில் புகைத்தலைத் தடுத்தது. நல்ல சட்டம், வரவேற்கிறோம். ஆயின் அதன் விலக்குகளைப் படித்துப் பாருங்கள். 30 அறைகளுக்குக் குறையாத உல்லாச விடுதி, 30 பேர் அமரும் உணவகம், விமான நிலையம் ஆகியவை புகைப்போருக்கெனத் தனியறை ஒதுக்கிக்கொள்ளலாம். கற்பிட்டிக்கு ஓங்கில் பார்க்கவும் காற்றாடிச் சறுக்கு விளையாடவும் வரும் செல்வர், குளிரூட்டிய அறையில் இருந்து புகைக்கலாம். சலித்தால் கடற்கரைக்கு நடந்துபோயும் புகைக்கலாம். வெளியே நடக்கும் உரிமையையே இழந்த மனிதருக்கோ எந்த விலக்கும் நினைவுக்கு வரவில்லை. மருத்துவமனையில் புகையறை கட்டித் தாருங்கள் என்று நாம் கேட்கவில்லை. விலக்கு எழுதிய பேனாவுக்கு யாருடைய முகம் தெரிந்தது, யாருடைய முகம் தெரியவில்லை என்பதைக் காட்டவே இதைச் சொல்கிறோம்.

அச்சட்டம் தடுப்பது மூடப்பட்ட இடங்களை. விடுதியின் திறந்த முற்றத்திலும் புகைக்கலாகாது என்ற தடை எங்கிருந்து வருகிறது? இந்த இடத்திலேதான் பச்சைப் பலகை உள்ளே நுழைகிறது.

அமெரிக்கப் பசுமைக் கட்டடச் சபை வகுத்த ‘லீட்’ என்னும் முறை இன்று உலகெங்கும் கட்டடங்களுக்கு மதிப்பெண் வழங்குகிறது. நம் நாட்டில் துல்ஹிரியவில் எழுந்த ஆடைத் தொழிற்சாலை ஒன்று 2008இலேயே அதன் உச்சப் பட்டமாகிய பிளாட்டினத்தைப் பெற்றது. இலங்கைப் பசுமைக் கட்டடச் சபையும் வெள்ளி, தங்கம், பிளாட்டினம் எனப் படிகள் வைத்துச் சான்றிதழ் அளிக்கிறது. மின்சாரத்தையும் நீரையும் மிச்சப்படுத்தும் முயற்சியை யார் பழிப்பார்? ஆனால் ‘லீட்’ முறையில் சில நிபந்தனைகள் மதிப்பெண்ணுக்கு உரியவையல்ல. அவற்றை நிறைவேற்றாவிடில் பட்டமே இல்லை. அவற்றுள் ஒன்று புகையிலைப் புகைக் கட்டுப்பாடு. கட்டடத்தினுள் புகைத்தல் கூடாது. வெளியிலும் வாயில், திறக்கும் சன்னல், காற்று உள்வாங்கும் துவாரம் ஆகியவற்றிலிருந்து 25 அடிக்குள், அதாவது 7.5 மீற்றருக்குள், கூடாது. முன்னைய பதிப்புகள் காற்றை வெளியே உறிஞ்சித் தள்ளும் அடைத்த புகையறைக்கு இடங்கொடுத்தன. 2013இல் வந்த நான்காம் பதிப்பு அந்த வழியையும் அடைத்துவிட்டது.

அலுவலக எழுத்தர் ஒருவருக்கு 25 அடி என்பது பத்துப் பன்னிரண்டு எட்டு. பூட்டிய விடுதியில் இருப்பவருக்கு அது என்ன? அவருக்கு உரிய வெளி, சுவர் சூழ்ந்த முற்றம் ஒன்றே. நாற்புறமும் வாயிலும் சன்னலும் திறக்கும் முற்றம் 15 மீற்றர் அகலத்துக்குக் குறைந்ததாயின், அந்த விதி அனுமதிக்கும் இடம் ஒரு சாண்கூட அதற்குள் மிஞ்சாது. ஆகவே, வெளியே உள்ளோருக்குத் ‘தள்ளிப் போய்ப் புகை’ என்று பொருள்படும் வாசகம், உள்ளே உள்ளவருக்கு ‘ஒருபோதும் புகையாதே’ என்று பொருள்படுகிறது. தடை நல்லதாகவே இருக்கட்டும். ஆனால் அதை விதித்தவர் யார்? மக்கள் தெரிவு செய்த மன்றமா? நோயாளரை நாடி பிடித்துப் பார்த்த மருத்துவரா? மதிப்பெண் பட்டியலைக் கையில் ஏந்திய கட்டடக் கணிப்பாளர்! அவர் அந்நோயாளரைக் கண்டதுமில்லை; காண வேண்டிய கடமையும் அவருக்கில்லை.

மருத்துவரைக் கேளாமல் தடை விதித்தால் என்ன நேரும் என்பதையும் அறிந்துகொள்ளுங்கள். கடும் மனச்சிதைவு நோய்க்கு வழங்கப்படும் குளோசாபின், ஓலன்சாபின் முதலிய மருந்துகளை ஈரலிலுள்ள ஒரு நொதி கரைக்கின்றது. புகையிலைப் புகையில் உள்ள கரிப்பொருள்கள் அந்நொதியைத் தூண்டிவிடுகின்றன. அதனால் புகைப்பவருக்குக் கூடுதல் அளவு மருந்து தேவைப்படுகிறது. அவர் திடீரெனப் புகைத்தலை நிறுத்தினால் நொதியின் வேகம் சில நாள்களில் தணிந்துவிடும். மருந்தின் அளவை அதற்கேற்பக் குறைக்காவிட்டால், குருதியில் குளோசாபின் ஒன்றரை மடங்காகவோ அதற்கு மேலோ உயரக்கூடும். மயக்கமும் வலிப்பும் அதன் விளைவுகள். தூண்டுதல் புகையினால் வருவதேயன்றி நிக்கொட்டினால் வருவதன்று; ஆதலால் நிக்கொட்டின் ஒட்டுப்பட்டை தந்து பசியைத் தணித்தாலும் மருந்தளவைத் திருத்தும் கடமை அப்படியே இருக்கும். இதன் மறுபுறமும் உண்டு. விடுதியில் குறைத்த அளவோடு வீடு திரும்பும் மீனவர், வாடியில் நண்பர் நீட்டிய பீடியை வாங்கி மீண்டும் புகைக்கத் தொடங்கினால், குருதியில் மருந்து இறங்கும், நோய் திரும்பும். இந்தியக் கரையிலிருந்து படகேறி வரும் பீடி இலை மூட்டைகளைக் கடற்படை அடிக்கடி கைப்பற்றும் கரை இது. இங்கே பீடி எட்டாப் பொருளா? இரத்தப் பரிசோதனையும், மருந்தளவுத் திட்டமும், வீடு திரும்பிய பின் ஊர்க் கிளினிக்கில் தொடர் கவனிப்பும் இல்லாத தடையைச் சுகாதாரம் என்று யார் அழைப்பார்?

அயல்நாட்டு நீதிமன்றங்கள் இக்கேள்வியை எடுத்து அலசியிருக்கின்றன. இங்கிலாந்தின் றம்ப்டன் பாதுகாப்பு மருத்துவமனை நோயாளர் தொடுத்த வழக்கில், 2009இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் மூவருள் இருவரின் முடிவாகத் தடையை உறுதி செய்தது. நீதியரசர் கீன் மாறுபட்டுத் தீர்ப்பெழுதினார். நியூசிலாந்தின் உச்ச நீதிமன்றமும் 2017இல் மனநல விடுதியொன்றின் புகைத்தல் தடை செல்லும் என்றே கூறியது. ஆனால் அதே 2017 ஏப்பிரலில், ஸ்கொத்லாந்தின் கார்ஸ்டெயர்ஸ் அரச மருத்துவமனை பற்றிய வழக்கில் ஐக்கிய இராச்சியத்தின் உச்ச நீதிமன்றம் நுட்பமான ஒரு கோடு கிழித்தது. புகைத்தலை நிறுத்துவது நிருவாகத்தின் அதிகாரத்துக்கு உட்பட்டதே. ஆனால் புகையிலை வைத்திருத்தலைத் தடுத்ததும், அதற்காக நோயாளரைச் சோதனையிட்டதும், பொருளைப் பறித்ததும், 2003ஆம் ஆண்டு மனநலச் சட்டமும் அதன் ஒழுங்குவிதிகளும் வகுத்த காப்புகளைப் பின்பற்றாமையால் சட்டவிரோதம் என்று நீதியரசர் ஹொட்ஜ் தீர்ப்பளித்தார். நோக்கம் நல்லது என்பதற்காக வழிமுறை மன்னிக்கப்படவில்லை. சட்டம் பயின்றோர் நெஞ்சில் பொறித்துக்கொள்ள வேண்டிய தீர்ப்பு அது.

ஸ்கொத்லாந்து நோயாளருக்குப் பற்றிக்கொள்ள 2003ஆம் ஆண்டுச் சட்டம் இருந்தது. நம் நோயாளருக்கு இருப்பது எது? 1873ஆம் ஆண்டு, பிரித்தானிய ஆள்பதியின் காலத்தில் பிறந்து, 1956இல் திருத்தம் பெற்ற மனநோய்க் கட்டளைச் சட்டம். புதிய மனநலச் சட்டத்துக்கு நகல்கள் எழுதப்பட்டன. சட்டநூலில் அதை இன்னும் காணோம். மாற்றுத்திறனாளர் உரிமைகள் பற்றிய உலக சாசனத்தை 2016இல் ஏற்று உறுதி செய்தோம் என்று உலக மேடையில் பெருமை பேசும் நாடு, உள்ளே 1873ஐக் கொண்டு காலந்தள்ளுகிறது. இவ்வெற்றிடத்தில் சுற்றறிக்கை சட்டமாகிறது. மேற்பார்வையாளரின் முகக்குறி ஒழுங்குவிதியாகிறது. நாளை மதிப்பெண் பட்டியலும் சட்டமாகும்.

ஒன்றை மறவாதீர்கள். சித்தசுவாதீனமின்றிச் செய்த செயல் குற்றமாகாது என்று தண்டனைச் சட்டக் கோவையின் 77ஆம் பிரிவு சொல்கிறது. அப்பிரிவின் கீழ் விடுவிக்கப்பட்டு மருத்துவமனைக்கு அனுப்பப்பட்டவர் தண்டனை பெற்றவரல்லர். அவரைத் தடுத்து வைப்பது சிகிச்சைக்காகவும் பொதுமக்களின் காப்புக்காகவும் மட்டுமே. அவ்விரண்டுக்கும் அப்பால் அவரிடமிருந்து பறிக்கப்படும் ஒவ்வொன்றுக்கும் அரசு கணக்குக் காட்ட வேண்டும். இழிவான நடத்தையிலிருந்து விடுதலையை அரசியலமைப்பின் 11ஆம் உறுப்புரையும், சட்டத்தின் முன் சமத்துவத்தை 12ஆம் உறுப்புரையும் அவருக்கும் உறுதி செய்கின்றன. ஆனால் 126ஆம் உறுப்புரையின்படி உயர் நீதிமன்றத்துக்கு மனுச் செய்யும் காலம் ஒரு மாதம். பூட்டிய கதவுக்குப் பின்னால், தாயின் பேருந்துச் செலவுக்கே வழியில்லாத குடும்பத்தைச் சேர்ந்தவர், ஒரு மாதத்தில் சட்டத்தரணியைத் தேடுவது எங்ஙனம்? சிங்களம் நிருவாக மொழியாக உள்ள பகுதியிலும் அரச அலுவலருடன் தமிழில் தொடர்புகொள்ளும் உரிமையை 22ஆம் உறுப்புரை தருகிறது. உடப்பிலிருந்தோ கற்பிட்டியிலிருந்தோ சென்ற நோயாளருக்கு விடுதி விதிகள் தமிழில் வாசித்துக் காட்டப்படுகின்றனவா? புரியாத விதியை மீறியவரை அடங்காதவர் என்று ஏட்டில் எழுதிவிட்டால், அந்த ஒரு சொல்லே அவருடைய விடுதலையைத் தள்ளிப்போடும் ஆதாரமாகிவிடும் அல்லவா?

இனி, சுவருக்கு வெளியே உள்ள காற்றைப் பார்ப்போம். நுரைச்சோலையில் 300 மெகாவாற்று வீதம் மூன்று இயந்திரங்கள். 2011இல் முதலாவது இயங்கத் தொடங்கி, 2014இல் 900 மெகாவாற்றும் நிறைவெய்திற்று. நாட்டுக்கு விளக்கெரிகிறது; மறுக்கவில்லை. தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் கரித்தூளும் சாம்பலும் தோட்டங்களிலும் கிணறுகளிலும் படிகின்றன என்று சுற்றுக் கிராம மக்கள் ஆண்டாண்டாக முறையிட்டு வந்திருக்கின்றனர். கொழும்பின் குப்பைக்கு இடம் தேடியபோதும் அதிகாரத்தின் விரல் நீண்டது நம் அருவக்காட்டை நோக்கியே. வடமேல் மாகாணத்துக்கென 1990ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சுற்றாடல் நியதிச் சட்டமே தனியாக உண்டு. சட்டம் இல்லாமையால் அன்று, அதை நீட்டிப் பிடிக்கும் கை இல்லாமையால் சாம்பல் பறக்கிறது. பசுமைச் சான்றிதழோ கட்டடத்தின் உட்காற்றையே எடைபோடுகிறது. வேலிக்கு அப்பால் வாழ்வோரின் மூச்சுக்கு அங்கே மதிப்பெண் இல்லை. நாட்டின் சிகரெட் சந்தையை ஆளும் இலங்கைப் புகையிலைக் கும்பனியின் பங்குகளிற் பெரும்பான்மை பிரித்தானிய அமெரிக்கக் கும்பனியின் கையில். சிகரெட் வரியோ திறைசேரியின் பெருவருவாய்களுள் ஒன்று. விற்பவருக்குச் சந்தை, வரி வாங்குபவருக்குத் திறைசேரி, கட்டுபவருக்குப் பட்டம். பூட்டுக்குள் கிடப்பவருக்கு மட்டும் பறிமுதல்! இப்படிப் பங்கிட்டுக்கொண்டுவிட்டு அதற்குப் பசுமை என்று பெயர் சூட்டுகிறார்கள்.

அரசினரிடம் நாம் கேட்பவை ஐந்து. முதலாவது, 1873இன் கட்டளைச் சட்டத்தை நீக்கி, நோயாளரின் உரிமைகளையும், சோதனை, பறிமுதல் ஆகியவற்றின் எல்லைகளையும் எழுத்தில் வகுக்கும் மனநலச் சட்டத்தைப் பாராளுமன்றம் நிறைவேற்ற வேண்டும். இரண்டாவது, பூட்டிய விடுதியில் புகைத்தல் தடை கொண்டுவருமுன், நிக்கொட்டின் மாற்று மருந்தும், புகையை விட உதவும் ஆலோசகரும், குருதியில் மருந்தளவைப் பார்க்கும் வசதியும் அங்கே இருக்கின்றன என்று பொறுப்பான மருத்துவர் கையொப்பமிட வேண்டும். மூன்றாவது, விதிகள் தமிழிலும் சிங்களத்திலும் நோயாளருக்கு வாசித்து விளக்கப்பட வேண்டும். புகைத்தலுக்காக ஒருவரைத் தனியறையில் அடைப்பதும் பார்வையாளரை மறுப்பதும் சட்டத்தாலேயே தடுக்கப்பட வேண்டும். நான்காவது, தடுத்து வைக்கப்பட்டோரின் நலனை நேரிற் சென்று கண்காணிக்கும் அதிகாரத்தை 1996ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டத்தால் பெற்ற மனித உரிமைகள் ஆணைக்குழு, அதைச் சிறைகளில் மட்டுமன்றி மனநல விடுதிகளிலும் ஒழுங்காகச் செலுத்த வேண்டும். ஐந்தாவது, அரச மருத்துவமனை எதுவும் பசுமைச் சான்றிதழ் நாடுமாயின், நோயாளர் உலாவ விரிந்த முற்றமும் நிழலும் தராத வரைபடத்துக்கு அனுமதி வழங்கலாகாது.

மனநோயாளருக்கு இத்தனை சலுகையா என்று முணுமுணுப்போர் இருப்பர். அவர்களுக்கு வாக்கில்லை, வாரியில்லை, வரிசையில் நின்று குரல் எழுப்ப வழியில்லை என்பதனால்தானே அதிகாரம் முதலில் அவர்கள்மேல் கைவைத்துப் பழகிப் பார்க்கிறது? பட்டியல் எழுதுபவர் சட்டம் செய்யலாம் என்ற பழக்கம் பூட்டிய விடுதியில் வேரூன்றிவிட்டால், முதியோர் இல்லத்துக்கும் அகதி முகாமுக்கும் அது படர எத்தனை நாள் செல்லும்? முகாம் வாழ்க்கையை அறிந்த இக்கரை மக்களுக்கு நாம் இதை விளக்கவும் வேண்டுமோ?

வாசகப் பெருமக்களே! உங்கள் ஊருக்கு வரும் பாராளுமன்ற உறுப்பினரிடம் இந்த ஐந்தையும் ஒவ்வொன்றாகக் கேளுங்கள். நுரைச்சோலையின் சாம்பலைப் பற்றி ஒரு சொல்லும், அங்கொடையின் பூட்டைப் பற்றி ஒரு சொல்லும் அவர் வாயிலிருந்து வரும்வரை விடாதீர்கள். பச்சைப் பலகையைச் சுவரில் அறைய ஆணி எடுப்பவரிடம் நாம் சொல்வது இதுதான்: ஐயா, அந்தக் கதவைப் பூட்டியது எந்தச் சட்டம், உள்ளே இருப்பவரின் மடியைச் சோதிக்க உமக்கு உரிமை தந்தது எந்தப் பிரிவு என்று முதலில் காட்டும்; பலகையைப் பிறகு மாட்டலாம்.